ஆர்டர் படிவத்தில் பிறந்த கார்

நடுத்தர உடலில் பெரிய எஞ்சினை வைத்த அமெரிக்க 'மஸில் கார்'களின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் எஞ்சினில் தொடங்கி எஞ்சினிலேயே முடிப்பார்கள். ஆனால் அந்த வகையை நிலைநிறுத்திய 1964ஆம் ஆண்டின் பான்டியாக் ஜிடிஓவை எடுத்துக்கொண்டால், அதில் புதிய எஞ்சின் எதுவும் இல்லை. அதற்குப் பொருத்திய 389 கன அங்குல வி8 எஞ்சின் 1959 முதலே பான்டியாக்கின் பெரிய கார்களில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காரை உண்டாக்கியதும் பின்னர் ஒழித்ததும் பட்டறையைவிட அலுவலகக் காகிதங்களே என்பது என் வாதம்.

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையகம் பான்டியாக் உள்ளிட்ட தன் பிரிவுகள் எல்லாம் பந்தயத்தைக் கைவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. பந்தய வெற்றிகளை வைத்தே இளைஞர்களிடம் பெயர் வாங்கியிருந்த பான்டியாக்குக்கு இது பேரிடி. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சின் கூடாது என்ற விதியும் ஏற்கெனவே இருந்தது. இந்த நிலையில்தான் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனின் குழு ஒன்றைக் கவனித்தது. பான்டியாக்கின் நடுத்தர அளவு டெம்பஸ்ட் காருக்கான 326 எஞ்சினுக்கும் பெரிய 389க்கும் வெளி அளவு ஒன்றுதான். ஒன்றைக் கழற்றிய இடத்தில், அதே தாங்கிகளின் மேல், மற்றதை உட்கார்த்திவிடலாம். விதியைத் தாண்டவும் ஒரு வழி இருந்தது. புதிய மாடல் என்றால் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும். இருக்கும் மாடலுக்கு ஒரு கூடுதல் வசதி என்றால் வேண்டாம். ஆகவே டெம்பஸ்ட் லெமான்ஸ் காரின் ஆர்டர் படிவத்தில் ஜிடிஓ ஒரு வரியாக நுழைந்தது. கூடுதல் விலை 300 டாலருக்கும் குறைவு. 5,000 கார் விற்றாலே பெரிது என்று விற்பனைப் பிரிவு தயங்கியது. முதல் ஆண்டிலேயே 32,450 விற்றன.

பெரிய எஞ்சினைச் சிறிய உடலில் வைப்பது 1949ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபைல் ராக்கெட் 88லேயே வந்துவிட்டதே, 1955இல் கிரைஸ்லர் 300 குதிரைத்திறனை எட்டிவிட்டதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ராக்கெட் 88 எல்லோருக்குமான குடும்பக் கார். அந்தக் கிரைஸ்லர் கார் வசதி படைத்தவர்களுக்கானது, முதல் ஆண்டில் 1,725 மட்டுமே விற்றது. ஜிடிஓ குறிவைத்தது போருக்குப் பின் பிறந்த தலைமுறையை. அதன் மூத்த பிள்ளைகளுக்கு 1964இல்தான் 18 வயது ஆனது. சக்தி பழையது, அதை அந்த வயதுக்காரர் எட்டும் விலையில் வைத்த கணக்குதான் புதியது. ஜிடிஓவின் புகழும் ஓரளவு தாளில் உருவானதே. 1964 மார்ச்சில் 'கார் அண்ட் டிரைவர்' இதழ் ஓட்டிப் பார்த்துப் புகழ்ந்த காரில் இருந்தது 389 அல்ல, 421 கன அங்குல எஞ்சின் என்று விளம்பர நிபுணர் ஜிம் வேங்கர்ஸ் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

1973 அக்டோபரில் வந்த எண்ணெய்த் தடையே இந்தக் கார்களை வீழ்த்தியது என்பது பரவலான நம்பிக்கை. விற்பனைக் கணக்கு அதற்கு இடம் தரவில்லை. 1966இல் தனி மாடலாக உயர்ந்த ஜிடிஓ அந்த ஆண்டு 96,946 விற்றது. 1969இல் அது 72,287, 1970இல் 40,149, 1972இல் 5,811. தடை வருவதற்கு முன்பே சந்தை வற்றிவிட்டது. 1971இல் புகைக் கட்டுப்பாட்டுக்காக எஞ்சின்களின் அழுத்த விகிதத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் 455 கன அங்குல எஞ்சின் கிடைத்த 1970லேயே விற்பனை பாதியை நெருங்கிச் சரிந்ததற்கு அது காரணமாக முடியாது. 1968இல் வந்த பிளிமத் ரோட் ரன்னர் போன்ற மலிவான போட்டிக் கார்கள் ஒரு பங்கை எடுத்துக்கொண்டன என்பதை மறுக்கவில்லை. எனினும் அந்தப் போட்டியாளர்களும் சேர்ந்தே தேய்ந்தார்கள் என்பதால், எல்லோரையும் ஒருசேரத் தாக்கிய காரணத்தைத்தான் தேட வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் அதிகச் சக்தியுள்ள கார்களுக்குக் கூடுதல் பிரீமியம் விதித்தன. 25 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கு அது மேலும் ஏறியது. ஜிடிஓ யாருக்காக உருவானதோ அவர்கள்தான் அந்தச் சுமையை முழுதாகத் தாங்க வேண்டியிருந்தது.

பொறியாளர்களின் திறமையை இதனால் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. அந்த எஞ்சின் இல்லாமல் எந்தப் படிவமும் ஓடியிருக்காது. ஆனால் திறமை ஐந்து ஆண்டுகளாகக் கையிலேயே இருந்தும் கார் வரவில்லை. விதி ஒரு வழியை விட்டதும் வந்தது. வாங்குபவரின் மாதக் கணக்கு உதைத்ததும் போனது.