பாக் உருண்டை: 43 வருஷம் காத்திருந்த ஒரு பதில்

வாணியம்பாடி பக்கம் ஜவ்வாது மலையில காவலூர்னு ஒரு ஊர் இருக்கு. அங்கே உள்ள வைணு பாப்பு வானாய்வகத்துக்கு ஒரு சனிக்கிழமை நண்பர்களோட போயிருந்தேன். நம்ம ராசி, வானம் முழுக்க மேகம். ஒரு நட்சத்திரம்கூட கண்ணுல படல. திரும்பி வந்ததும், சரி, இந்த பாப்பு யாருன்னாவது தெரிஞ்சுக்குவோம்னு படிக்க உட்கார்ந்தேன்.

பாப்பு 1927இல் சென்னையில் பிறந்தவர். ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது, 1949 ஜூலையில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் பாப்பு-பாக்-நியூகிர்க். முதல் பெயர் நம்ம ஆளு. நடுவுல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே, அந்த பாக் யாரு? அந்த நூலைப் பிடிச்சுப் போனதுதான் இந்தப் பதிவு.

பார்ட் பாக் 1906இல் நெதர்லாந்தில் ஹோர்ன் என்ற ஊரில் பிறந்தார். லெய்டனில் படிப்பு, 1932இல் க்ரோனிங்கனில் முனைவர் பட்டம். 1928இல் சர்வதேச வானியல் மாநாடு லெய்டனில் நடந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பிரிசில்லா ஃபேர்ஃபீல்டைச் சந்தித்தார். அவரும் வானியலாளர், 1921லயே முனைவர் பட்டம் வாங்கினவர், பாக்கைவிட பத்து வயசு மூத்தவர். மறுவருஷம் செப்டம்பர்ல நம்மாளு கப்பலேறி அமெரிக்கா போய் இறங்கின கையோட கல்யாணம்! அங்கேயே ஹார்வர்டில் வேலைக்குச் சேர்ந்தார். இருவரும் சேர்ந்து பால்வெளி பற்றி எழுதிய புத்தகம் 1941இல் வந்து, 1981 வரை ஐந்து பதிப்பு கண்டது.

இப்ப விஷயத்துக்கு வருவோம்.

பால்வெளியைப் படம் எடுத்தா அங்கங்கே கரும்புள்ளிகள் தெரியும். நட்சத்திரமே இல்லாத ஓட்டை மாதிரி. 18ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் அவற்றை வானத்தில் இருக்கும் ஓட்டைகள் என்றே நினைத்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் பர்னார்ட் அவற்றைப் படம் எடுத்துப் பட்டியல் போட்டார். நட்சத்திரங்களுக்கு நடுவில் தூசு இருக்கிறது, அது வெளிச்சத்தை மறைக்கிறது என்று 1930இல் ராபர்ட் ட்ரம்ப்ளர் நிறுவினார். ஆக அது ஓட்டை இல்ல, மேகம். காவலூர்ல என் கண்ணை மறைச்ச அதே கதைதான் :-)

1947இல் பாக்கும், ஹார்வர்டில் அவரோடு வேலை பார்த்த எடித் ரெய்லியும் ஒரு சின்ன கட்டுரை வெளியிட்டார்கள். அந்த மேகங்களிலேயே ரொம்பச் சின்னதாக, உருண்டையாக, கன்னங்கரேலென்று சில இருக்கின்றன; அவை தன் எடையாலேயே உள்ளுக்குள் சுருங்கி, நாளைக்கு நட்சத்திரமாகப் போகிறவையாக இருக்கலாம் என்பது அதன் சாரம். பூச்சிக்கூடு மாதிரி; வெளியே அசைவே தெரியாது, உள்ளே ஒரு உயிர் உருவாகிக்கிட்டிருக்கும்.

இன்னிக்கு இது பள்ளிக்கூடப் பாடம் மாதிரி தோணும். அன்னிக்கு, நட்சத்திரங்கள் இப்பவும் பிறந்துக்கிட்டிருக்கா என்பதே முடிவாகாத கேள்வி. அதே 1947இல் சோவியத் ஆர்மீனியாவில் விக்டர் அம்பார்ட்சுமியன் வேறொரு வழியில், நட்சத்திரக் கூட்டங்கள் கலைந்து போகும் வேகத்தை வைத்து, இப்போதும் பிறக்கின்றன என்று வாதிட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பாக் கையில் இருந்தது கரும்புள்ளிப் படங்கள் மட்டும்தான்.

அந்தக் கரும்புள்ளிகளுக்கு 'பாக் உருண்டை' என்றே பெயர் நிலைத்துவிட்டது (வெத்தலை பாக்குக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க). கட்டுரையில ரெண்டு பேர் பெயரும் இருந்தது. வானத்துல ஒட்டிக்கிட்டது ஒருத்தர் பெயர் மட்டும்தான். எடித் ரெய்லியை இன்னிக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, நிரூபிக்கிறதுல என்ன கஷ்டம்? உள்ளே எட்டிப் பார்க்க முடியாது, அதான். இந்த உருண்டைகளின் குளிர் கிட்டத்தட்ட மைனஸ் 263 டிகிரி செல்சியஸ். சுமார் ஒரு ஒளியாண்டு அகலம். உள்ளே இருக்கும் தூசு, சாதாரண வெளிச்சத்தை வெளியே விடாது. நடுவில் ஒரு குழந்தை நட்சத்திரம் இருந்தாலும், எவ்வளவு பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் கருப்புதான். நீறு பூத்த நெருப்புன்னு சொல்வோமே, அச்சு அசல் அதுதான். கண்ணுக்குச் சாம்பல் மட்டும் தெரியும். கையை மேலே காட்டினாத்தான் சூடு தெரியும். அந்தக் 'கை'தான் அகச்சிவப்புக் கருவி. 1947இல் இந்த வேலைக்கு ஏற்ற கை யாரிடமும் இல்லை.

பாக் சும்மா இருக்கல. 1950-51இல் தென்னாப்பிரிக்கா. 1957 முதல் 1966 வரை ஆஸ்திரேலியாவில் மவுண்ட் ஸ்ட்ரோம்லோ வானாய்வகத்தின் இயக்குநர். பிறகு அமெரிக்கா திரும்பி, அரிசோனாவில் ஸ்டூவர்ட் வானாய்வக இயக்குநர். போன இடமெல்லாம் பால்வெளி, கருப்பு மேகம், உருண்டை. 1975இல் ஜோதிடத்துக்கு எதிராக 186 விஞ்ஞானிகள் கையெழுத்திட்ட அறிக்கையின் பின்னால் இருந்தவர்களில் இவரும் ஒருவர். ஆதாரம் இல்லாம பேசாதேன்னு ஊருக்குச் சொன்ன மனுஷன், தன் சொந்த யோசனைக்கு ஆதாரம் வராம 30 வருஷம் உட்கார்ந்திருந்தார்! ஆனால் அதே அளவுகோலைத் தனக்கும் வைத்துக்கொண்டு தேடிக்கொண்டே இருந்தார் என்பதுதான் எனக்குப் பிடிச்ச விஷயம். அதே 1975இல் பிரிசில்லா காலமானார்.

முதல் தடயம் 1977இல் வந்தது. தென்வானத்தில் கம் நெபுலா பகுதியில் ஒரு உருண்டையிலிருந்து வாயு பீய்ச்சிக்கொண்டு வெளியே வருவதை ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் கண்டார். பீய்ச்சுவது, உள்ளே ஒளிந்திருக்கும் குழந்தை நட்சத்திரம். பாக்கும் 1978இல் அந்த உருண்டையைப் பற்றி எழுதினார். ஆனா ஒரே ஒரு உருண்டையை வெச்சு எல்லாத்துக்கும் தீர்ப்பு சொல்ல முடியாதே.

1983 ஜனவரியில் ஐராஸ் என்ற அகச்சிவப்பு விண்கலம் கிளம்பியது. அமெரிக்கா, பிரிட்டன், கூடவே பாக் பிறந்த நெதர்லாந்து, மூன்றும் சேர்ந்து அனுப்பியது. கருவியைக் குளிர்விக்கும் ஹீலியம் தீர்வதற்குள், பத்தே மாதத்தில், கிட்டத்தட்ட வானம் முழுவதையும் அது அளந்து முடித்தது. அந்தப் பத்து மாதத்துக்கு நடுவில், ஆகஸ்ட் 5ஆம் தேதி, பார்ட் பாக் டூசானில் காலமானார். பதில் அவர் தலைக்கு மேலேயே சுத்திக்கிட்டிருந்தது. யாரும் இன்னும் பிரிச்சுப் படிக்கல, அவ்வளவுதான்.

பிரிச்சுப் படிச்சவங்க ஜோவாவ் யுன், டேன் கிளெமன்ஸ். 248 சின்ன மேகங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு ஐராஸ் தரவுகளை அலசினார்கள். பலவற்றுக்குள் இளம் நட்சத்திரங்கள் கதகதவென்று இருந்தன. 1990இல் வெளிவந்த அவர்கள் கட்டுரையின் தலைப்பிலேயே, பார்ட் பாக் சொன்னது சரிதான் என்று போட்டுவிட்டார்கள். இழுத்து மூடிக்கிட்டு எழுதற ஆராய்ச்சிக் கட்டுரை உலகத்துல இப்படி ஒரு தலைப்பு! படிச்சப்போ தொண்டை கொஞ்சம் அடைச்சது, பொய் சொல்லல.

எங்க ஆபீஸ்ல ஒரு டிக்கெட் மூணு நாள் க்ளோஸ் ஆகலைன்னா மேனேஜர் சீட்டுக்கே வந்து நிப்பார். இது 43 வருஷம் ஓப்பனா இருந்த டிக்கெட். போட்டவர் போன பிறகு க்ளோஸ் ஆச்சு. ஆனாலும் அவர் போட்டது வீண் போகல. எங்கே தேடணும்னு அவங்க ரெண்டு பேரும் எழுதி வெச்சதாலதான், கருவி வந்ததும் தேட முடிஞ்சது.

2023 ஜூலையில் வெப் தொலைநோக்கி எடுத்த படம் ஒண்ணு நினைவிருக்கா? பின்னணியில கேள்விக்குறி மாதிரி ஏதோ இருக்குன்னு ஊரே ஷேர் பண்ணுச்சே? எல்லாரும் அந்தக் கேள்விக்குறியைத்தான் பார்த்தோம். படத்தின் நடுவில் இருந்தது 1977இல் பார்த்த அதே பாக் உருண்டை.

கடைசியா, மறுபடி காவலூர். அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி வேணும்னு கனவு கண்டு வேலையை ஆரம்பிச்ச பாப்பு, அது முடியறதுக்குள்ள 1982இல் காலமாகிட்டார். 1986இல் அதுக்கு அவர் பெயரையே வெச்சாங்க. அரிசோனாவில் கிட் பீக் மலைமேல் இருக்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு 1996இல் பாக் பெயரை வைத்தார்கள். 1949இல் ஒரே வால்நட்சத்திரத்தில் பெயர் சேர்ந்த ரெண்டு பேர், உலகத்தின் ரெண்டு மூலையில், ஒரே அளவு கண்ணாடியோட இப்பவும் வானத்தைப் பார்த்துக்கிட்டிருக்காங்க.

அடுத்த தடவை மேகம் இல்லாத சனிக்கிழமையா பார்த்துப் போகணும்.