இரண்டாவது கையெழுத்து

1892-ஆம் ஆண்டு. பம்பாயில் ஜம்ஷெட்ஜி டாடா ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். இந்தியப் பிள்ளைகள் கடல் கடந்து போய் உயர்கல்வி கற்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கொடுக்க நினைத்தால் தானமாகவே கொடுத்திருக்கலாம். அவரோ கடனாகத்தான் கொடுத்தார். படித்து முடித்து, வேலையில் அமர்ந்து, சம்பாத்தியத்திலிருந்து திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் அடுத்த பிள்ளை கப்பல் ஏறும். படித்தவர் கட்டுவார் என்ற நம்பிக்கைதான் அந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. பிற்காலத்தில் கல்விக் கடனுக்குள் வேறொருவரையும் இழுத்துவரப் போகும் வழக்கு மூன்றே ஆண்டுகளில் கல்கத்தாவில் முளைத்தது.

1895 ஜூலை 20. தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞர் தம் வீட்டை பிரம்மோ தத் என்ற லேவாதேவிக்காரரிடம் அடமானம் வைத்து, 20,000 ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். வட்டி 12 சதவீதம். படிப்புக்கும் இந்தக் கடனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பத்திரம் எழுதுவதற்குச் சில நாள் முன்பே இளைஞரின் தாயார் வக்கீல் மூலம் லேவாதேவிக்காரர் தரப்புக்குக் கடிதம் அனுப்பியிருந்தார்: பையன் மைனர், பணம் கொடுத்தால் அது கொடுப்பவர் பாடு. கடிதத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. நடுவில் பிரம்மோ தத் இறந்துபோக, அவர் தரப்பில் மொஹோரி பீபியின் பெயரில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறியது. 1903-இல் தீர்ப்பு வந்தது. மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. கொடுத்த பணத்தையும் திரும்ப வாங்க முடியாது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் மாணவர்கள் உருப்போடும் வழக்கு இது. பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் 17 வயதுதான். அந்தக் கணக்கு இந்தத் தீர்ப்போடு மோத இன்னும் ஒரு நூற்றாண்டு பாக்கி இருந்தது.

இதற்கிடையில் உலகத்தின் மறுகோடியில், கொலம்பியாவில், காப்ரியேல் பெத்தான்கூர் என்ற இளைஞருக்கு அமெரிக்கா போய்ப் படிக்க ஆசை, கையில் காசில்லை. ஒரு நிறுவனத்திடம் பேசிக் கடன் வாங்கிக்கொண்டு போனார். படித்துத் திரும்பியவர் தமக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தை நாட்டுக்கே வாய்க்கச் செய்தார். 1950-இல் கொலம்பிய அரசு இசெடெக்ஸ் என்ற மாணவர் கடன் நிறுவனத்தைத் தொடங்கியது. 1957 அக்டோபர் 4-ஆம் தேதி சோவியத் யூனியனின் ஸ்புட்னிக் வானத்தில் ஏறியதும் அமெரிக்கா ஆடிப்போனது. பொறியாளர்களும் விஞ்ஞானிகளும் உடனே வேண்டும் என்று அடுத்த ஆண்டே சட்டம் போட்டு, 3 சதவீத வட்டியில் மாணவர்களுக்குக் கடன் கொடுக்கத் தொடங்கியது. அந்தக் காற்று டெல்லிக்கும் வந்து சேர்ந்தது.

1963-இல் இந்திய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏழை வீட்டில் பிறந்த, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு வட்டியே இல்லாத கடன். வேலை கிடைத்த பிறகு சிறுகச் சிறுகக் கட்டலாம். ஆசிரியர் வேலைக்குப் போனால் பணியாற்றும் ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி. பத்து வருடம் பாடம் நடத்தியவர் மொத்தக் கடனிலிருந்தும் விடுபடலாம். இதைவிடப் பெருந்தன்மையான திட்டத்தை இந்திய அரசு மாணவர்களுக்கு அதற்குப் பிறகு போடவில்லை என்றே சொல்வேன். ஆனால் கொடுத்த பணம் திரும்பவில்லை. படித்தவர்கள் வேலை தேடி ஊர் மாறினார்கள், மாநிலம் மாறினார்கள், சிலர் நாடே மாறினார்கள். பெண்கள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனார்கள். கல்லூரிப் பதிவேட்டில் இருந்த விலாசத்துக்கு அரசாங்கக் கடிதம் போனால், ஆள் அங்கே இல்லை. 1990-களின் தொடக்கத்தில் திட்டமே கைவிடப்பட்டது. கடன் வாங்கிய இளைஞரைத் தேடிப் பிடிக்க முடியாது என்ற பாடம் மட்டும் மிஞ்சியது.

அந்தத் திட்டம் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் சென்னைக் கோடம்பாக்கத்தில் வேறொன்றும் தேய்ந்துகொண்டிருந்தது. 1977-இல் ‘16 வயதினிலே’ வந்த பிறகு இயக்குநர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். ஸ்டுடியோ தளங்கள் ஒவ்வொன்றாக இருண்டன. வாகினி தளங்கள் இருந்த இடத்தில் ஆஸ்பத்திரியும் கல்யாண மண்டபமும் எழும்பின. லைட்மேன், செட் ஆசாரி, காஸ்ட்யூமர் என்று தினப் பேட்டாவை நம்பியிருந்தவர்களுக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது: இந்தத் தொழில் அடுத்த தலைமுறைக்குச் சோறு போடாது. ரங்கராஜபுரத்திலும் டிரஸ்ட்புரத்திலும் குடியிருந்த குமாஸ்தாக்களும் பள்ளி ஆசிரியர்களும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். பிள்ளையை இன்ஜினீயர் ஆக்கிவிட வேண்டும். ஆனால் அரசுக் கல்லூரிகளில் இடம் கொஞ்சம். 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. இடம் வந்தது. கூடவே கட்டணமும் வந்தது. நகை விற்று, பி.எஃப். பணத்தை எடுத்துச் சிலர் சமாளித்தார்கள். அடகு வைக்க நகையும் இல்லாத வீடுகளுக்கு வழி தெரியவில்லை.

1999-இல் கனரா வங்கித் தலைவர் ஆர்.ஜே. காமத் தலைமையில் இந்திய வங்கிகள் சங்கம் ஒரு குழு அமைத்தது. கையில் சொத்தில்லாத மாணவருக்கு வங்கி எதை நம்பிக் கடன் கொடுப்பது? பழைய திட்டத்தின் தோல்வி கண்முன் இருந்தது. மாணவர் ஊர் மாறுவார். 1903 தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் இருந்தது. மைனரின் கையெழுத்து வெற்றுக் காகிதத்துக்குச் சமம். குழு வகுத்த மாதிரித் திட்டத்தை 2001 பிப்ரவரி பட்ஜெட்டில் யஷ்வந்த் சின்ஹா அறிவித்தார். ஏப்ரலில் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது. உள்நாட்டுப் படிப்புக்கு ஏழரை லட்சம் வரை, வெளிநாட்டுக்குப் பதினைந்து லட்சம் வரை. நான்கு லட்சத்துக்குள் இருந்தால் அடமானம் வேண்டாம், ஜாமீன்தாரர் வேண்டாம். வேண்டியது ஒன்றே ஒன்று. அதைச் சுற்றறிக்கை ஒரு சிறிய வரியில் சொல்லிவிட்டுப் போனது.

கடன் பத்திரத்தில் மாணவரோடு சேர்ந்து பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜாமீனாக அல்ல, கூட்டுக் கடனாளியாக. மாணவர் மைனராக இருந்தால் பெற்றோர் கையெழுத்தில் கடன் பிறக்கும். 18 வயது நிறைந்ததும் மாணவர் அதை ஏற்றுக்கொள்வதாக எழுதிக் கொடுப்பார். கல்விக் கடன் விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டும் கட்டம் இரண்டாக இருப்பதும், முத்திரைத்தாளின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இரண்டு கையெழுத்து விழுவதும் இதனால்தான். எங்கும் ஓடிப் போகாத, விலாசம் மாறாத ஓர் ஆளை வங்கி தேடியது. அப்பாவையும் அம்மாவையும் கண்டுபிடித்தது.

அன்றைக்கு அது வரமாகத்தான் வந்தது. சம்பளச் சீட்டே பார்த்திராத ஒரு லைட்மேனின் கையெழுத்துக்குப் பொதுத்துறை வங்கி மதிப்புக் கொடுத்தது பெரிய விஷயம். அதைச் சிறுமைப்படுத்த மனம் வராது. பிணையில்லாக் கடனை 2004-இல் ப. சிதம்பரம் ஏழரை லட்சமாக உயர்த்தினார். காலை ஆறரை மணிக்குக் கோடம்பாக்கம் பவர் ஹவுஸ் நிறுத்தத்தில் ஸ்ரீபெரும்புதூருக்கும் பழைய மகாபலிபுரம் சாலைக்கும் போகும் கல்லூரிப் பேருந்துகள் வரிசை கட்டின. தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டியது. நாட்டிலேயே அதிகமாகக் கல்விக் கடன் வாங்கும் மாநிலங்களின் வரிசையில் தமிழகம் முன்னால் நின்றது. வேலை கிடைத்ததும் பையன் கட்டிவிடுவான் என்று எல்லா அப்பாக்களும் நம்பினார்கள். 2008 செப்டம்பரில் நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் திவாலானது.

கேம்பஸில் தேர்வானவர்களுக்கு வேலைக்குச் சேரச் சொல்லும் கடிதம் மாதக்கணக்கில் வரவில்லை. பிறகு வந்தது, ஆனால் அடுத்த பத்தாண்டுக்கும் மேலாகப் பெரிய ஐ.டி. நிறுவனங்களின் ஆரம்பச் சம்பளம் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நின்றது. நான்கு வருடத்தில் வருடத்துக்கு ஒரு லட்சமாக 12 சதவீதத்தில் வாங்கிய கடன், படிப்பும் அதற்கு மேல் ஓராண்டு அவகாசமும் முடியும்போது வட்டியோடு சேர்ந்து 5,68,000 ரூபாய் ஆகியிருக்கும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் பத்தாயிரம் வேண்டும். பெருங்களத்தூரில் வாடகை அறையில் இருந்துகொண்டு அந்தச் சம்பளத்தில் பத்தாயிரம் கட்டுவது எளிதல்ல. கட்ட முடியாதவர்கள் நிறுத்தினார்கள். சில வங்கிகள் வராக்கடனை வசூல் நிறுவனங்களுக்கு விற்றன. 2016 ஜூலையில் மதுரையில் கூலித் தொழிலாளி ஒருவரின் பொறியியல் படித்த மகன் இந்தக் கடன் நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்டார். ஊரே கொதித்தது.

வங்கிகள் சங்கம் அதற்கு முன்பே இரக்கம் காட்டத் தொடங்கியிருந்தது. தவணைக் காலத்தை 2012-இல் பத்து வருடமாகவும், பெரிய தொகைக்குப் பதினைந்து வருடமாகவும் நீட்டினார்கள். 2015-இல் எல்லோருக்கும் பதினைந்து என்றார்கள். மேலே சொன்ன அதே கடனுக்கு மாதத் தவணை ஏழாயிரத்துக்குக் கீழே இறங்கியது. கட்டும் மொத்தத் தொகை எட்டரை லட்சத்திலிருந்து பன்னிரண்டேகால் லட்சமாக ஏறியது. இளைஞருக்கு இது மூச்சு விட நேரம் கொடுத்தது. ஆனால் பத்திரத்தில் இன்னொரு பெயரும் இருக்கிறதே. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும்போது அப்பாவுக்கு 48 வயது என்று வைத்தால், படிப்பு முடிந்து அவகாசமும் கழியும்போது 53. அதோடு பதினைந்து. கடைசித் தவணை கட்டும் மாதத்தில் அவருக்கு 68 வயது.

பாஸ்புக் பதிய வரும் பெரியவர்களைக் கோடம்பாக்கத்து வங்கிக் கிளைகளில் மாத முதல் வாரத்தில் பார்க்கலாம். இயந்திரத்திலிருந்து வெளியே வந்த புத்தகத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படிப்பார்கள். பென்ஷன் வரவு ஒரு வரி. மகனோ மகளோ அனுப்பியது வந்திருந்தால் ஒரு வரி. கல்விக் கடன் தவணை பிடித்தம் ஒரு வரி. நடு வரி இல்லாத மாதங்களில் முதல் வரியிலிருந்தே பிடித்தம் போகும். ஒரு தவணை தவறினால் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் இருவருக்கும் சேர்ந்தே சரியும். மகன் வீட்டுக் கடன் வாங்க முடியாது, மகளின் படிப்புக்குக் கடன் கிடைக்காது என்ற பயத்தில் மாத்திரைச் செலவைத் தள்ளிப்போட்டுத் தவணையைக் கட்டுகிறவர்கள் உண்டு.

இந்த இடத்தில் அமெரிக்கக் கதையின் முடிவையும் பார்க்க வேண்டும். அங்கே 1996-இல் வந்த சட்டம், அரசுக் கடனுக்காக முதியோரின் சமூகப் பாதுகாப்புத் தொகையில் ஒரு பங்கைப் பிடிக்க வழிவகுத்தது. 1980-களில் வாங்கிய மாணவர் கடனுக்காக முதுமையில் பணத்தைப் பிடிக்கிறார்களே என்று ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போராடினார். 2005 டிசம்பரில் எல்லா நீதிபதிகளும் ஒருமனதாக அரசின் பக்கமே நின்றார்கள். இந்தியாவில் நிலைமை நேர்மாறு. அரசு ஓய்வூதியத்தைக் கடன்காரர் நீதிமன்றம் மூலம் ஜப்தி செய்ய முடியாது என்று 1871-ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டமே சொல்கிறது. சட்டம் கைவைக்காத அந்தப் பணத்தைத்தான் அப்பா தாமாகவே எடுத்துக் கட்டுகிறார். கோர்ட்டுக்கு வேலை வைப்பதில்லை. வீட்டு வாசலில் வங்கி ஆள் வந்து நின்றால் மானம் போய்விடும். ஸ்டுடியோவில் உழைத்து ஓய்ந்தவருக்கு அந்தப் பென்ஷனும் கிடையாது.

2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அறிக்கை கல்விக் கடன் தள்ளுபடியை வாக்குறுதியாகச் சொன்னபோது, 30 வயதுக்கு உட்பட்டவர்களையே கணக்கில் எடுத்தது. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், பிணையும் ஜாமீன்தாரரும் இல்லாத கடன் என்றது. அறிவித்தபோது அது தரவரிசையில் மேலே இருந்த 860 கல்வி நிறுவனங்களில் சேரும் மாணவர்களுக்கு என்றிருந்தது. பவர் ஹவுஸ் நிறுத்தத்தில் வந்து நிற்கும் பேருந்துகளில் பல, அந்தப் பட்டியலில் இல்லாத கல்லூரிகளுடையவை.

2001-க்குப் பிறகு மாதிரித் திட்டம் திருத்தப்பட்டபோதெல்லாம் தொகை மாறியது, தவணை மாறியது. பெற்றோர் கையெழுத்துக்கு முடிவுத் தேதி மட்டும் எழுதப்படவில்லை. அமெரிக்காவில் தனியார் கல்விக் கடன்கள் பலவற்றில், படித்தவர் குறிப்பிட்ட காலம் ஒழுங்காகத் தவணை கட்டினால் கூடக் கையெழுத்துப் போட்டவரை விடுவிக்கும் ஏற்பாடு இருக்கிறது. இங்கேயும் ஒரு வரி சேர்த்தால் போதும்: பிள்ளை வேலைக்குப் போய் மூன்று ஆண்டு தவறாமல் கட்டியிருந்தால், அல்லது பெற்றோருக்கு 60 வயது நிறைந்துவிட்டால், அவர்கள் பெயர் கடன் பத்திரத்திலிருந்து நீக்கப்படும். இதைச் செய்ய நாடாளுமன்றத்தில் சட்டம் வேண்டியதில்லை. வங்கிகள் சங்கம் திட்டத்தைத் திருத்தி, வங்கிகள் அதை ஏற்றுக்கொண்டால் முடிந்தது.