ஹைவேவிஸ் வௌவால்

1948-இல் மேகமலையின் ஹைவேவிஸ் பகுதியில் பழந்தின்னி வௌவால் ஒன்று அங்கஸ் ஹட்டன் கையில் சிக்கியது. எஸ்டேட் வேலைக்கு வந்தவர் அவர். உயிரினங்களைச் சேகரிப்பதில் தீராத ஆர்வம். பாடம் செய்யப்பட்ட அந்த உடல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனது. ஊர்ப்பக்கம் பனையோலைக்குள் தொங்குமே, அந்தச் சாதாரண வகைதான் என்று எண்ணிச் சீட்டுக் கட்டிவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தப்பான பெயரோடே கிடந்தது.

தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதைக் கூர்ந்து பார்த்தார். வெட்டுப்பற்கள் குறைவு, வால் இல்லை. இது வேறு இனம் மட்டுமல்ல, தனிப் பேரினமே என்று கண்டு, 1972-இல் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார். அதே ஆண்டு நிறைவேறிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமோ, காக்கை, எலியோடு சேர்த்துப் பழந்தின்னி வௌவால்களை ஐந்தாம் அட்டவணையில் தள்ளியது. அந்தப் பட்டியலில் இருந்தவை தீங்குயிர்கள். கொல்ல அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பெயர் கிடைத்த ஆண்டிலேயே இந்தப் பழியும் வந்து சேர்ந்தது.

அந்தப் பழியைக் கேள்வி கேட்கும் அறிவு மதுரையில் வேறொரு வழியாக வளர்ந்தது. நாகமலையடிவாரப் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் உயிர்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்தார். பக்கத்துச் சமணர் மலைக் குகையில் இருந்தவை பூச்சி தின்னும் வௌவால்கள். வெளிச்சம் எட்டாத மூலையில் கூண்டில் அடைத்த வௌவாலும், மற்றவை அந்தியில் வெளியேறும் நேரத்துக்கே விழித்துப் பறந்தது. கூட்டமில்லாத குகையில் தனியே வைத்தால் அந்த நேரம் பிசகியது. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981-இல் இதை வெளியிட்டார்கள். அதில் பாதுகாப்பு பற்றிய முழக்கம் கிடையாது. ஆனால் வௌவாலைப் பொறுமையாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே உருவானார்கள்.

பின்னர் மாரிமுத்துவின் குழு பழந்தின்னிகளைப் பின்தொடர்ந்தது. இரவில் இலவம் பூவுக்குத் தேன் குடிக்க வரும் வௌவால் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது என்று பதிவு செய்தது. இலவம்பஞ்சு வியாபாரத்துக்குப் பேர்போன போடி, மேகமலை இருக்கும் அதே தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. புளியங்குளத்தில் முனிக்கு அஞ்சி, ஆலமரத்து வௌவால்களை ஊரே காத்துவருவதையும் மாரிமுத்து எழுதினார். சட்டம் கைவிட்டதை ஊர் கைவிடவில்லை.

1993-இல் ஹட்டனின் வௌவால் உயிரோடு மீண்டும் கண்டறியப்பட்டது. பிறகு முதல் அட்டவணையில் ஏறி, முழுப் பாதுகாப்பும் பெற்றது. மற்ற பழந்தின்னிகளோ ஐந்தாம் அட்டவணையிலேயே கிடந்தன. 2009-இல் சிங்காரவேலன், மாரிமுத்து, ரேசி மூவரும் ஓரிக்ஸ் இதழில் நேரடியாகவே கேட்டார்கள்: இவை தீங்குயிர்ப் பட்டியலில் இருப்பது தகுமா? பழத்தோட்டச் சேதத்தை மறுக்காமல், மகரந்தமும் விதையும் பரவும் நன்மையை எதிர்த் தட்டில் வைத்தார்கள்.

2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, தீங்குயிர் அட்டவணையே நீக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு கட்டுரையால் வந்த வெற்றி இது என்று சொல்லிவிட முடியாது. ஓர் உயிரைத் தீங்குயிராக அறிவிக்கும் அதிகாரம் இன்றும் மத்திய அரசிடம் இருக்கிறது. நாளை அப்படியோர் அறிவிப்பு வந்தால், எதிர்த்து வாதாட முழக்கம் மட்டும் போதாது. இரவில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிய குறிப்பேடுகளும் வேண்டும்.