பச்சை குத்திக்கலாமா? ஊசி பிடித்த கைகளைப் பற்றிச் சில குறிப்புகள்

"டாட்டூ போட்டுக்கலாமா?" எங்கள் பக்கத்து வீடுகளில் இந்தக் கேள்வி இப்போ அடிக்கடி எழுகிறது. ராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போகிற பையன் கேட்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரிக்குப் போகிற பெண் கேட்கிறாள். ஒருத்தருக்கு ராஜபாளையம் நாயின் முகம் வேணும், இன்னொருத்தருக்கு ஆண்டாள் கிளி, மூணாவது ஆளுக்குக் காதலியின் பெயர்.

பெரியவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் ரெண்டு வகைதான். "இதெல்லாம் மேல்நாட்டு மோகம், நமக்கு எதுக்கு?" என்பது ஒன்று. "அட, நம்ம பாட்டிமார் குத்தாத பச்சையா? நம்ம பாரம்பரியந்தானே!" என்பது மற்றொன்று. இந்த ரெண்டும் எனக்குப் போதவில்லை. அதனால் வரலாற்றில் இந்த விஷயம் எங்கெங்கே தட்டுப்படுகிறது என்று கொஞ்ச நாளாகக் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளையும், கடைசியில் என் கருத்தையும் இங்கே தருகிறேன்.

மேல்நாட்டு மோகம் என்பதை முதலில் முடித்துவிடலாம். 'டாட்டூ' என்ற சொல்லே மேல்நாட்டுச் சொல் கிடையாது. பசிபிக் தீவுகளில் வழங்கும் 'டட்டாவ்' என்ற சொல்லை 18ஆம் நூற்றாண்டில் கேப்டன் குக்கின் கப்பலில் போனவர்கள் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991இல் கிடைத்த, 5,000 ஆண்டுக்கு முந்தைய மனிதனின் உடலில் 61 பச்சைக் குறிகளை எண்ணியிருக்கிறார்கள். எந்தத் தேசத்துக்கும் இது தனிச்சொத்து இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஆழ்வார் சுமந்த சக்கரம்

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரின் திருப்பல்லாண்டில் ஒரு பாட்டு இருக்கிறது. நெருப்பைப் போல ஒளிரும் சக்கரத்தின் குறியை உடம்பில் ஏற்றுக்கொண்டு, வழிவழியாகப் பெருமாளுக்குத் தொண்டு செய்கிற குடும்பம் நாங்கள் என்று பெருமையோடு சொல்லும் பாட்டு அது. வைணவர்கள் இன்றும் செய்துகொள்ளும் பஞ்ச சம்ஸ்காரத்தோடு இதைச் சேர்த்துப் படிப்பது வழக்கம். உலோகத்தில் செய்த சங்கு சக்கர முத்திரைகளை நெருப்பில் காய்ச்சி, வலது தோளில் சக்கரமும் இடது தோளில் சங்குமாக ஆசாரியர் ஒற்றி எடுப்பார். ஆண், பெண் இருபாலரும் செய்துகொள்கிறார்கள்.

இது சூடு, பச்சை வேறு. ஆனால் ரெண்டுக்கும் அடியில் ஓடுகிற எண்ணம் ஒன்றுதான்: நான் இன்னாருக்கு உரியவன் என்பதைத் தோலில் எழுதிக்கொள்வது. தானே விரும்பிப் போய்த் தோளைக் காட்டுகிறவருக்கு அது பெருமை.

அதே வீட்டில் வளர்ந்த ஆண்டாள் என்ன செய்தாள் என்பதையும் பார்க்க வேண்டும். நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்தில், கண்ணனோடு தன்னைச் சேர்த்துவைக்கச் சொல்லி மன்மதனை வேண்டி அவள் நோன்பு நோற்கிறாள். அவன் பெயரையும், அவனுடைய கொடி, குதிரை, கரும்பு வில்லையும் அவள் எழுதிக் காட்டியது சுவரில். அப்பா தோளில் வாங்கிக்கொண்டார், மகள் சுவரில் எழுதினாள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

ராஜ முத்திரையா, சூலமா?

சோழர் காலத்துக்குப் போனால் இதே முத்திரை வேறு முகம் காட்டுகிறது. சிவன் கோயில்களைச் சேர்ந்த தேவரடியார்களுக்குச் சூலக் குறி இடும் வழக்கம் இருந்தது. குலோத்துங்க சோழன் காலத்து திருக்காளத்திக் கல்வெட்டு ஒன்று ஒரு வழக்கைச் சொல்கிறது. கோயிலுக்குரிய தேவரடியார் சிலரை அரண்மனை ஆட்கள் கொண்டுபோய், அரச முத்திரையைக் குத்திவிட்டார்கள். கோயில் தரப்பு முறையிட்டது. அரசன் ஆணைப்படி அந்த முத்திரை அழிக்கப்பட்டு, மறுபடி சூலம் இடப்பட்டது.

கோயிலுக்கு நியாயம் கிடைத்த கதையாக இதைப் படிக்கலாம். நான் அந்தப் பெண்களின் தோலை நினைக்கிறேன். ஒரு தடவை சூடு, அதை அழிக்க ஒரு பாடு, அதன் மேல் இன்னொரு சூடு. ரெண்டு அதிகாரங்களுக்கு நடுவில் யாருக்குச் சொந்தம் என்ற கணக்கு அவர்கள் உடம்பில் தீர்க்கப்பட்டது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கல்லில் ஒரு வார்த்தை இல்லை.

நெற்றியில் எழுதிய கம்பெனி

1801இல் கர்நாடக நவாபோடு செய்த உடன்படிக்கைப்படி திருநெல்வேலிச் சீமை கம்பெனியின் கைக்குப் போனது. நம்ம ரெண்டு ஊரும் அப்போது அந்தச் சீமையில்தான் சேர்த்தி. கம்பெனி அரசாங்கத்திடம் அந்தக் காலத்தில் ஒரு தண்டனை இருந்தது. சில குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டவர்களின் நெற்றியில் அவர்கள் செய்த குற்றத்தைப் பச்சையாகக் குத்திவிடுவார்கள். வங்காளத்தில் 1797இல் சட்டமாக வந்த இந்த வழக்கம் பிறகு சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. 1849இல்தான் நீக்கப்பட்டது. தப்பிப் போனால் அடையாளம் தெரிய வேண்டும், ஊரார் பார்த்ததும் ஒதுக்க வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. தண்டனைக் காலம் முடிந்தாலும் நெற்றியில் எழுதியது போகாது. தலைமுடியை இறக்கிவிட்டும் தலைப்பாகையை இழுத்துக் கட்டியும் மறைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் உண்டு. தலையெழுத்து என்று நாம் சும்மா சொல்கிறோம், அவர்களுக்கு அது நிஜமாகவே எழுத்து.

திண்ணையில் உட்கார்ந்த குறத்தி

இப்போது பாட்டிகளின் பச்சைக்கு வருவோம். ஊர் ஊராகப் போய்ப் பச்சை குத்தியவர்கள் பெரும்பாலும் குறவர் சமூகத்துப் பெண்கள். நரிக்குறவர்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அவர்கள் வாக்ரி மொழி பேசும் வேறு சமூகம். 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற ஏழு தொகுதி நூலில், குறவர் பெண்களின் இந்தத் தொழில் பற்றிய குறிப்பு இருக்கிறது. விளக்குக் கரியை இலைச்சாறு விட்டுக் குழைத்து, சேர்த்துக் கட்டிய ஊசிகளால் குத்தி, மேலே மஞ்சள் தடவுவார்கள். பிள்ளைக்கு வலி தெரியாமல் இருக்கப் பாட்டும் உண்டு. கூலி பெரும்பாலும் அரிசி, தவசம், பழைய சேலை. புள்ளிக் கோலம், தேள், மீன், கூடப் பிறந்தவர் பெயர் என்று வீட்டுக்கு வீடு ஒரு வடிவம்.

எங்கள் அம்மாச்சி முன்கையில் ஒரு புள்ளிக் கோலம் இருந்தது. ஆசைப்பட்டுப் போட்டுக்கிட்டதா என்று கேட்டபோது சிரித்தாள். "எட்டு வயசுல திண்ணையில உக்கார வச்சு, ரெண்டு பேரு கையப் பிடிச்சுக்கிட்டாக. என்னைய யாரு கேட்டாக?" கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "ஆனா பாரு, இருந்த நகையெல்லாம் அடகுக்குப் போச்சு. இதை எவனும் அடகு வைக்க முடியல." செத்தாலும் கூட வருகிற நகை பச்சை ஒன்றுதான் என்று நம்பிய தலைமுறை அது.

நான் இந்த விஷயத்தைப் பார்க்கிற விதத்தை அந்த ரெண்டு வாக்கியங்களும் சேர்ந்துதான் மாற்றின. பாரம்பரியம் என்று நாம் கொண்டாடுவதிலும் அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் வந்ததையும் அவள் அறுபது வருஷத்தில் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டாள். ரெண்டும் உண்மை.

ஊசி பிடித்த கைக்கு என்ன நடந்தது? 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. குறவர்களில் பல பிரிவுகளைப் பிறவிக் குற்றவாளிகள் என்று அறிவித்துக் கைரேகை எடுத்தார்கள். பட்டியலில் விழுந்தவர்கள் ஊர் விட்டு ஊர் போக அனுமதி வாங்க வேண்டிய நிலை. ஊர் ஊராகப் போவதுதானே பச்சை குத்துகிறவளின் பிழைப்பு! மற்றவர் உடம்பில் கோலம் போட்ட விரல்களை மையில் தோய்த்து அரசாங்கம் பதிவேட்டில் ஒற்றியது. சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் போனது. அதற்குள் ஒரு தலைமுறையின் தொழில் ஒடிந்துவிட்டது.

கட்சிக் கொடியும் கைக்கயிறும்

1972இல் அண்ணா திமுகவைத் தொடங்கிய எம்.ஜி.ஆர்., அடுத்த சில வருஷங்களில் தொண்டர்களைக் கட்சிக் கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ளச் சொன்னார். அவரும் குத்திக்கொண்டார். ஆயிரக்கணக்கானோர் ஆசையோடு குத்திக்கொண்டார்கள், ஆனால் கட்சிக்குள்ளேயே சிலர் எதிர்த்தார்கள். தானே விரும்பினால் பக்தி, தலைமை சொன்னால் சோதனை. 2016 பிப்ரவரியில் ஜெயலலிதாவின் பிறந்த நாளுக்கு ஏராளமானோர் அவர் படத்தைப் பச்சை குத்திக்கொண்ட நிகழ்ச்சியில், வலியில் அழுத ஒரு சிறுமியின் படம் வெளியாகிக் கண்டனம் எழுந்தது. அம்மாச்சியின் திண்ணை மேடைக்கு வந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது.

எனக்கு உண்மையில் கவலை தருவது இன்னொன்று. தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கு ஒரு நிறத்தில் கைக்கயிறு கட்டும் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அந்தக் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. கயிறு என்றால் கத்தரிக்கோல் போதும், ஒரு நிமிஷத்தில் அறுத்து எறியலாம். பதினேழு வயசில் கூட்டாளிகள் உசுப்பிவிட்டு முன்கையில் ஏறும் சாதித் தலைவர் படத்துக்கு என்ன கத்தரிக்கோல் இருக்கிறது? அந்தப் பையன் இருபத்தஞ்சு வயசில் வேறு ஊரில், வேறு மனிதர்களோடு வேலை செய்யும்போதும் அந்தக் கை பேசிக்கொண்டே இருக்கும். கம்பெனிக்காரன் நெற்றியில் எழுதினான். நாம நம்ம பிள்ளைகள் கையிலேயே ஊசியைக் கொடுத்து எழுதிக்கச் சொல்றோம்.

தோலுக்குள் என்ன நடக்கிறது?

மை மேல்தோலில் தங்குவதில்லை. மேல்தோல் உதிர்ந்து புதுசாக வந்துகொண்டே இருக்கும். ஊசி அதைத் தாண்டி உள்தோலில் மையை இறக்குகிறது. அங்கே கிருமிகளை விழுங்கும் செல்கள் மைத்துகளையும் விழுங்கிவிட்டு, செரிக்க முடியாமல் வைத்துக்கொண்டிருக்கும். அந்தச் செல் சாகும்போது சிந்தும் மையைப் புதுச் செல் விழுங்கிக்கொள்ளும். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளை வைத்து 2018இல் இதைக் காட்டினார்கள். ஆக, பச்சை நிலைப்பதும் வழிவழித் தொண்டுதான்! கறுப்புக் கரி, தோலின் ஊடாகப் பார்க்கும்போது நீலமும் பச்சையுமாகத் தெரிவதால் நம்மவர்கள் 'பச்சை' என்றார்கள்.

லேசர் அந்தத் துகள்களை உடைக்கும். பல தடவை போக வேண்டும், போடுவதைவிடச் செலவு அதிகம், தழும்பும் மிஞ்சலாம். ஊசி சுத்தமில்லை என்றால் மஞ்சள் காமாலை வைரஸ் தொற்றும் ஆபத்து இருக்கிறது. அதனால்தான் பச்சை குத்தி ஓராண்டு வரை ரத்த தானம் வாங்க மாட்டார்கள். மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு ஆள் எடுக்கும்போது, சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கையில், அந்த உறுப்பில் கால்வாசிக்கும் குறைவாக, மதச் சின்னமோ பெயரோ இருந்தால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். விடியற்காலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போகிற நம்ம ஊர்ப் பிள்ளைகள், கடைப் படியேறும் முன் இந்த விதியை ஒரு தடவை படித்துவிட வேண்டும்.

என் கருத்து

குத்திக்கலாம். பாவமும் இல்லை, அநாகரிகமும் இல்லை. ஆனால் மேலே சொன்ன எல்லாக் கதைகளிலும் நான் தேடியது ஒன்றைத்தான்: முடிவு யாருடையது? ஆழ்வார் தோளைக் காட்டினார். காளத்திப் பெண்களையும் கம்பெனிக் கைதிகளையும் யாரும் கேட்கவில்லை. அம்மாச்சியையும் கேட்கவில்லை. உன் கையில் ஏறப்போவது உன் விருப்பமா, கூட்டாளி விருப்பமா, தலைவர் விருப்பமா, இல்லை "என் பேரைக் குத்திக்கிட்டாத்தான் நம்புவேன்" என்கிற ஆளின் விருப்பமா? இதற்கு உனக்கே நேராகப் பதில் சொல்ல முடிந்தால் போதும். பதினெட்டு வயசுக்குள் வேண்டவே வேண்டாம். சின்னப் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்துக் குத்துவதைப் பாரம்பரியம் என்ற பெயரில்கூட நான் ஏற்க மாட்டேன்.

என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஆண்டாள் வழியைச் சொல்கிறேன். வேணுங்கிற படத்தையோ பெயரையோ முதலில் சுவரில் எழுது. இந்த மார்கழியில் எழுதினால் அடுத்த மார்கழி வரை தினமும் கண்ணில் படட்டும். நடுவில் அலுத்துப்போனால் ஒரு கை சுண்ணாம்பில் வேலை முடிந்தது. வருஷம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால், புது ஊசி பிரிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கையை நீட்டு.

அதுவரைக்கும் இன்னொரு வேலை இருக்கிறது. வீட்டில் பச்சை குத்திய பாட்டி இருந்தால், அது என்ன வடிவம், எந்த வயசில் குத்தியது, யார் குத்தினார்கள், என்ன கூலி கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டே இருக்கிறது. அவர்கள் நம்பியபடியே, அந்த நகையும் அவர்களோடு போய்விடும்.