ஃபோர்டு மாடல் டி கார்: தீப்பொறி நேரமும் எஞ்சின் சூடும்

1908 முதல் 1927 வரை அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் தயாரித்த மாடல் டி காரில், தீப்பொறி எழ வேண்டிய நேரத்தை ஓட்டுநரே தீர்மானித்தார். ஸ்டீயரிங் சக்கரத்தின் கீழே இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. வலப்புறம் இருந்தது எஞ்சினின் வேகத்தையும், இடப்புறம் இருந்தது தீப்பொறியின் நேரத்தையும் மாற்றின.

கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும்போது தீப்பொறி தாமதமாக வர வேண்டும். பிஸ்டன் உச்சியை அடையும் முன்பே எரிபொருள் கலவை எரிந்தால் எஞ்சின் பின்னோக்கிச் சுழலும். கைப்பிடி திருப்பி அடிக்கும். இதனால் கை எலும்பு முறிந்தவர்கள் பலர்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இடப்புற நெம்புகோலைக் கீழே இழுத்து, தீப்பொறியை முன்கூட்டியே வரச் செய்ய வேண்டும். கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் பிடிப்பதே காரணம். இதை மறந்தால் கலவை பிந்தி எரியும். வெப்பம் உந்துவிசையாக மாறாமல் சிலிண்டர் சுவர்களுக்கும் புகைக்குழாய்க்கும் போய்ச் சேரும்.

முதல் 2,500 கார்களுக்குப் பிறகு மாடல் டி காரில் நீர் பம்பு பொருத்தப்படவில்லை. சூடான நீர் மேலே ஏற, குளிர்ந்த நீர் கீழே இறங்கும் இயற்கைச் சுழற்சியே எஞ்சினைக் குளிர்வித்தது. எனவே தீப்பொறி பிந்தினால் ரேடியேட்டர் எளிதில் கொதித்தது. இதை முன்கூட்டியே அறிய, ரேடியேட்டர் மூடியில் 'பாய்ஸ் மோட்டோமீட்டர்' என்ற வெப்பமானியைப் பலர் பொருத்திக்கொண்டனர்.

அடுத்து வந்த மாடல் ஏ காரில் நீர் பம்பு இருந்தது. தீப்பொறி நெம்புகோலும் தொடர்ந்தது. 1932-இல் வந்த ஃபோர்டு வி-8 எஞ்சின் அந்த வேலையைத் தானே செய்தது. பழைய கார் கொதித்தால் ரேடியேட்டர் நீரோடு தீப்பொறி நேரத்தையும் சரிபார்ப்பது அவசியம்.