பொம்மைக்கு அளவெடுத்தால்

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் கார் சீட் கவர் தைக்கும் லைனில் பல வருடம் உட்கார்ந்தவள் நான். உள்ளே வைக்கும் ஃபோம் எவ்வளவு கனமோ, அதற்குத் தக்கபடிதான் துணியை வெட்ட வேண்டும் என்பது அங்கே கற்றது. இப்போது நவராத்திரி நெருங்கினால் கொலு பொம்மைகளுக்கு உடை தைத்துக் கொடுக்கிறேன்.

பழைய மரப்பாச்சி ஜோடி செம்மரத்தில் செதுக்கியது. கல்யாணச் சீரோடு பெண்ணுக்கு வந்தது. கை உடம்போடு ஒட்டியிருக்கும், கால் பிரியாது. அக்குளில் ஊசி நுழைய இடமில்லை. கை வைத்த ரவிக்கை தைக்கவே முடியாது. அதனால் நம் பாட்டிமார் தைக்கவில்லை, சுற்றினார்கள். ஜரிகைத் துண்டு, ஜிகினாத் தாள், நூல், கொஞ்சம் பசை. அவ்வளவில் நான்கு அங்குல மரக்கட்டை கல்யாணப் பெண் ஆகிவிடும். 1995இல் செம்மர வணிகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு வந்தது. இன்று வேறு மரத்தில் செய்து சாயம் ஏற்றியவையும் கடைகளில் கிடைக்கின்றன. உடம்பு மட்டும் அதே உடம்பு. பக்கத்தில் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் புடவையையும் சேர்த்தே வர்ணம் தீட்டிவிடுவார்கள், அங்கே எனக்கு வேலையில்லை.

பார்பி மரப்பாச்சிக்கு நேர் எதிர். 1959 மார்ச்சில் நியூயார்க் பொம்மைச் சந்தைக்கு ரூத் ஹேண்ட்லர் அதைக் கொண்டுவந்தார். ஜெர்மனியில் பெரியவர்களுக்காக விற்ற லில்லி பொம்மையைப் பார்த்து உருவானது. உயரம் பதினொன்றரை அங்குலம், ஆள் உயரத்தில் சுமார் ஆறில் ஒரு பங்கு. அந்த ஒடுங்கிய இடுப்பைத் திட்டாதவர் இல்லை. வளரும் பெண்பிள்ளை மனத்தில் அது ஏற்றும் பாரம் உண்மை, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் தையற்காரிக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது. உடம்பை ஆறில் ஒன்றாகச் சுருக்கலாம், துணியின் கனத்தைச் சுருக்க முடியாது. பாவாடைப் பட்டி, மடிப்பு, கொசுவம் எல்லாம் வந்து சேருவது இடுப்பில்தான். ஆள் அளவுக்கு ஏற்ற இடுப்பு வைத்தால், உடுத்தியதும் பீப்பாய்தான். 1990களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற புடவை பார்பியை எடுத்துப் பாருங்கள். உடம்பு அமெரிக்க உடம்பு. அந்த இடுப்பு இருந்ததால்தான் கொசுவம் அடங்கி நின்றது.

பிறகு உடம்பு மெல்ல மெல்ல மாறியது. 1967இல் இடுப்பு திரும்பத் தொடங்கியது. 1990களின் கடைசியில் சற்று அகலமானது. 2000இல் தொப்புள் வந்தது. பெரிய மாற்றம் 2016இல்: பருத்தது, நெட்டையானது, குட்டையானது என்று புதிதாக மூன்று உடம்புகள். பழைய சட்டை பருத்த பார்பியின் இடுப்பைத் தாண்டாது. இதில் எனக்கு வருத்தம் கிடையாது. அப்படி ஒரு பொம்மை நான் சிறுமியாக இருந்தபோதே வந்திருக்கலாம்.

பாட்டியின் மரப்பாச்சி, அம்மாவின் புடவை பார்பி, மகளின் பருத்த பார்பி மூன்றும் ஒரே பையில் என்னிடம் வருவதுண்டு. பார்பிகளுக்கு ரவிக்கை தனித்தனியாக வெட்டுகிறேன், முதுகில் வெல்க்ரோ. மரப்பாச்சிக்கு மார்பில் ஒரு பட்டித்துணி போதும். புடவையை மூன்றுக்கும் ஒரே பட்டுத் துண்டிலிருந்து கிழித்துக்கொள்கிறேன்.