0.3 பிறந்த கதை

உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அது ஒரு ஜெல்லி மிட்டாய். சிவப்பு நிறம், மேலே சர்க்கரைத் தூவல், எடை 4 கிராம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் பெட்ரோல் பங்க் கடைகளிலேயே கிடைத்தது. அதற்குள் 12 மில்லிகிராம் டி.எச்.சி. இருக்கலாம். கஞ்சாவில் போதை தருவது இந்த டி.எச்.சி.தான். கஞ்சா விற்பனையை அனுமதித்த கொலராடோ மாநிலத்திலேயே தின்பண்டத்தில் ஒரு வேளைக்கு 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. ஆனாலும் மத்தியச் சட்டத்தின் கணக்கில் இந்த மிட்டாய் கஞ்சா ஆகவில்லை. 0.3 என்ற எண் அதைக் காப்பாற்றியது.

அந்த எண் பிறந்தது கனடாவில். 1970-களின் தொடக்கத்தில் ஒட்டாவாவில் எர்னஸ்ட் ஸ்மால் என்ற தாவரவியலாளர் சுமார் 350 கஞ்சா ரகங்களை ஆராய்ந்தார். நாருக்கும் விதைக்கும் வளர்க்கும் 'ஹெம்ப்' எது, போதைக்கு வளர்ப்பது எது என்று பிரிக்க அவருக்கு ஓர் அளவு தேவைப்பட்டது. 1976-ல் சக தாவரவியலாளர் ஆர்தர் கிராங்க்விஸ்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், உலர்ந்த இலையின் எடையில் 0.3 சதவீதம் டெல்டா-9 டி.எச்.சி. என்று கோடு போட்டார். இது நாங்களாக வைத்துக்கொண்ட அளவு என்று அங்கேயே ஒளிக்காமல் சொல்லியும் விட்டார்கள். செடிகளை வகைபிரிக்க அது போதுமானதாக இருந்தது.

2018 டிசம்பரில் அமெரிக்க வேளாண் சட்டம் அதே எண்ணை எடுத்துக்கொண்டது. ஹெம்ப் பயிரிடும் விவசாயி போலீசுக்குப் பயப்படக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் செடிக்கு வைத்த அளவை, செடியிலிருந்து எடுக்கும் எல்லாப் பொருளுக்கும் நீட்டினார்கள். காய்ந்த இலை எடை குறைந்தது. மிட்டாயில் சர்க்கரையும் ஜெலட்டினும் எடையைக் கூட்டுகின்றன. 355 மில்லி பான டின்னில் தண்ணீரே எடையைக் கூட்டிவிடுகிறது. அந்த டின்னில் 0.3 சதவீதம் என்றால் ஒரு கிராமுக்கும் மேல். நூறு பேருக்குப் போதையேற்றும் அளவு அது!

இன்னொரு ஓட்டையும் இருந்தது. சட்டம் டெல்டா-9 என்று மட்டுமே சொன்னது. ஹெம்பில் கிடைக்கும் போதையற்ற சி.பி.டி.யை அமிலம் சேர்த்து டெல்டா-8 டி.எச்.சி.யாக மாற்றி விற்றார்கள். அதற்கும் போதை உண்டு. 2021 ஜனவரியிலிருந்து 2022 பிப்ரவரி வரை டெல்டா-8 தொடர்பாக அமெரிக்க நச்சு உதவி மையங்களுக்கு வந்தவை 2,362 சம்பவங்கள். அவற்றில் 41 சதவீதம் 18 வயதுக்குட்பட்டவர்களுடையவை. மிட்டாய் என்று நம்பி வாயில் போடும் குழந்தைக்குச் சதவீதம் என்ன தெரியும்? இதைக் கேட்க ஒரு சட்டத்துக்கு இத்தனை ஆண்டுகள் ஆனது கொடுமை.

மின்னசோட்டா மாநிலம் 2022-ல் சதவீதத்தோடு நிற்காமல் மில்லிகிராமிலும் கணக்குப் போட்டது: ஒரு வேளைக்கு 5, ஒரு பாக்கெட்டுக்கு 50, வாங்குபவருக்கு 21 வயது. உடம்புக்குள் போவதை அளப்பதுதான் நியாயமான அளவு என்பேன். 2025 நவம்பரில் மத்திய அரசும் அந்த வழிக்கு வந்தது. ஆனால் மிகக் கடுமையாக. ஓராண்டு அவகாசத்துக்குப் பிறகு, ஒரு டப்பாவில் 0.4 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது ஹெம்ப் ஆகாது. 0.3 சதவீதமும் சட்டத்தில் இருக்கிறது, டெல்டா-9 மட்டுமல்லாமல் டி.எச்.சி. மொத்தத்தையும் கூட்டிப் பார்க்கும் அளவாக.